மாமாவின் நாக்கு

அந்தப் பிறந்தநாள் கேக்கில் சர்க்கரையை அள்ளிக் கொட்டியது என் கைதான் ஐயா. பிறந்தநாள் கொண்டாடிய குழந்தையே முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது. ஆனால் "இன்னும் போடு" என்று சொன்னது கடை முதலாளி, என் அக்கா வீட்டுக்காரர். ருசி பார்ப்பது அவர் வேலை, கொட்டுவது என் வேலை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

மாமா விரல் நுனியில் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், குறையைச் சொல்லிவிடுவார். அந்த ருசி பார்க்கும் வேலைக்கு எனக்கும் ஆசை. கேட்கும்போதெல்லாம், "அப்புறம் பாக்கலாம் மாப்ளே" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரையை முழுங்கிவிட்டு இனிப்பை நக்கிக்கொண்டிருந்தால் பார்க்கிற எனக்குப் பதறாதா? சிறுகுறிஞ்சான் இலை சர்க்கரையை அடக்கும் என்பார்கள். அது பட்டால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் தித்திப்பே ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நோயாளியைக் குழப்பக்கூடாது பாருங்கள். தினமும் ருசி பார்க்கப் போகும் முன் கஷாயமாக்கிக் கொடுத்தேன். "இது இருக்கும்போது மாத்திரை எதுக்கு மாமா?" என்றேன். தங்கமான மனுஷன், நம்பினார்.

தித்திப்பைத் தேடித்தேடித் துண்டு துண்டாகத் தின்றார். "என் நாக்கு செத்துப்போச்சு மாப்ளே" என்று ஒருநாள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளைக்கு இலை பறித்து வைத்தேன்.

காலில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இலைமேல் பழி போடாதீர்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நானும்தான்.

அவர் இடம் எனக்கு வந்தது. முதல் கேக்கை நானே ருசி பார்த்து, பிரமாதம் என்று நானே பாராட்டிக்கொண்டு, அவர் கட்டிலுக்கே எடுத்துப்போனேன். கஷாயம் நின்று நாளானதை யோசிக்கவில்லை. அக்கா முறைக்க முறைக்க ஒரு துணுக்கை வாயில் போட்டவர், கண்ணை மூடினார்.

"மாமா, இப்பவாச்சும் சொல்லுங்க. என்னை ஏன் ருசி பாக்கவே விடல?"

"உப்புக் கரிக்குது மாப்ளே," என்றார் மெதுவாக. "உனக்கு நாக்குல ருசியே கிடையாதுடா. ஆரம்பத்துலேயே தெரியும். மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு உடைஞ்சிடுவியேன்னுதான் அப்புறம் அப்புறம்னு தள்ளிப்போட்டேன்."