கொக்கிக்குள் இருந்த ஓட்டைகள்

பிளாஸ்டிக் உடைவதற்கு முன்பு ரொம்ப நேரம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், சார். இழுத்தால் கொஞ்சம் நீளும், இழுபட்ட இடம் லேசாக வெளுக்கும், அவ்வளவுதான். உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை விழுவது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். இயந்திரத்தில் துண்டை மாட்டி, இழுக்க இழுக்க எக்ஸ்ரே படம் எடுப்பேன். ஈயத்தகடு அடித்த அறை, ஜன்னல் கிடையாது. வீட்டுக்குப் போனால் அப்பா படுத்த படுக்கை. அங்கே ஜன்னல் உண்டு. நாற்றம் போகத் திறந்து வைப்பேன்.

தம்பிக்கு உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கும் வேலை. "மேல இருந்து பாத்தா ஊரே நம்ம கைக்குள்ள இருக்கும் அண்ணா" என்பான். ஒருநாள் சாப்பிடும்போது, தானும் மனைவியும் வேறு ஊருக்குக் குடிபோவதாகச் சொன்னான்.

"அப்பாவ நீதான் நல்லா பாத்துக்கிறியே."

எனக்கு வயிறு எரிந்தது. நான் எடுத்த எக்ஸ்ரே படங்கள் உங்கள் போலீஸ் கைக்கு வந்துவிட்டன, இனி மறைக்க ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

அந்த வாரம்தான் அவன் கம்பெனியில் கயிற்றில் மாட்டும் இரும்புக் கொக்கியை மாற்றி, எடை குறைவென்று பிளாஸ்டிக் கொக்கி கொடுத்தார்கள். அவனுக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. "உன் மெஷின்ல வச்சுப் பாத்துக் குடு. நீ சரின்னா சரி" என்றான்.

பார்த்தேன். சொக்கத்தங்கம், ஒரு ஓட்டை இல்லை. பிறகு இழுத்தேன். படத்தில் கரும்புள்ளிகள் விழுந்தன. அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்கியதும் நிறுத்தினேன். கொக்கியின் வளைவு வெளுத்திருந்தது. சூடான காற்றைக் காட்டினால் வெளுப்பு மறையும், ஓட்டை மறையாது. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். காட்டினேன், துடைத்துக் கொடுத்தேன்.

"கல்லு மாதிரி இருக்குடா. கண்ண மூடிட்டுத் தொங்கு."

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் மாடியில் வேலை என்று சொல்லியிருந்தான். கால் உடைந்தால் வீட்டோடு இருப்பான் என்று கணக்குப் போட்டேன். சூப்பர்வைசர் அவனை மூன்றாம் மாடிக்கு அனுப்பியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கொக்கி உடைந்து விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. கண் விழித்ததும், "நீ பாத்துத்தானே அண்ணா குடுத்த?" என்று கேட்டான்.

"பாத்தேன்டா" என்றேன். அது பொய்யில்லை.

இப்போது ஒரு கட்டிலில் அப்பா, ஒரு கட்டிலில் தம்பி, நடுவில் தரையில் நான். முன்பைவிட நன்றாகத் தூங்குகிறேன். அவன் மனைவிதான் அவனைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்கென்றே சக்கர நாற்காலி வாங்கினாள். சக்கரங்கள் பிளாஸ்டிக். எங்கள் தெரு செங்குத்தான இறக்கம் என்பதால் அவளுக்குப் பயம். "நீங்க ஒரு தடவ பாத்துக் குடுங்க மாமா" என்றாள்.

இன்று காலை, நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் துடைத்துக் கொடுத்தேன். வெளுப்பு துளிகூட இல்லை, சார்.