அளவு பார்க்கும் கண்ணாடி

— அப்போ நேத்து சாயந்திரம் வேற யாருமே வரலை. நீயும் பாப்பாவும் மட்டும் தான்.

— ஒருத்தர் பேண்ட்டைச் சுருக்கக் குடுத்துட்டு வாசலோட போயிட்டார் அண்ணி. இதை எத்தனை தடவை கேப்பீங்க?

— சும்மா தான் கேக்கறேன். உங்கம்மா போன் பண்ணாங்களா?

— பண்ணாங்க. காதுல வச்சுத் தான் பேசினேன்.

— ஸ்பீக்கர்ல போட்டியான்னு நான் கேக்கவே இல்லையே.

— இந்தாங்க, தையல் மிஷினையே நிறுத்திட்டேன். என்ன விஷயம்னு நேரா சொல்லுங்க.

— காலையில சலூனுக்கு வேலைக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன். பாப்பா வந்து என் மூஞ்சியைப் பாத்து, "ஒன்பதாம் மாசம் வரைக்கும் முடிச்சாயத்தை மோந்துக்கிட்டு நின்னே. குழந்தை இப்படிப் பொறந்துச்சு. எல்லாம் உன்னால தான்"ங்கறா.

— பாப்பாவா? அவ்வளவு நீளமாவா?

— சந்தோஷப்படாதே. அவ சொந்தமா எதுவும் பேச மாட்டான்னு உனக்குத் தெரியும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவா. லிஃப்ட்ல வர்ற குரல்லயே "கதவு மூடுகிறது"ன்னு நாள் பூரா சொல்லிக்கிட்டு இருந்தாளே. அப்போ இதையும் யாரோ சொல்லி, அவ கேட்டிருக்கா.

— அந்த யாரோ நான் தான்னு முடிவு பண்ணிட்டுத் தான் வந்திருக்கீங்க.

— நான் மாசமா இருந்தப்போ நீ தானே சொன்னே, "இந்த நாத்தத்துல எப்படி அண்ணி நிக்கறீங்க"ன்னு.

— கால் வீங்கிப் போய் நின்னீங்க, பாவமேன்னு கேட்டேன். இத்தனை வருஷமா அதை மனசுல முடிஞ்சு வச்சிருக்கீங்களா? சாயத்துக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் சொன்னப்போ நானும் தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பார். உங்க வீட்டுல ஒருத்தரும் நம்பலை. நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடுது. உங்கண்ணன் கூட சுவரைப் பாத்துத் தான் என்கிட்ட பேசறார்.

— இப்போ அண்ணன் மேலயும் சந்தேகமா?

— எல்லார் மேலயும் தான். எல்லாம் என்னாலன்னு நானே நெனைச்சதுண்டு, இல்லன்னு சொல்லலை. அது வேற. நீங்க பேசி, அது என் பிள்ளை வாய் வழியா என் காதுல விழுந்தா, அது வேற. சத்தியமா சொல்லு. நீ சொல்லியிருந்தா நாளையிலேருந்து அவளை இங்க விட மாட்டேன். வேலை போனாலும் போகட்டும்.

— சத்தியமெல்லாம் எதுக்கு. அவ அதை இங்கயும் சொல்றா. கொஞ்ச நாளாவே.

— பாத்தியா. என்கிட்ட ஏன் மறைச்சே?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியலை அண்ணி. அந்தா, போட்டு அளவு பாக்கறதுக்கு வச்சிருக்கேனே கண்ணாடி, அது முன்னாடி போய் நிப்பா. "ஷ்ஷ்ஷ்"னு குழாயைத் திறந்து விட்ட மாதிரி சத்தம் போடுவா. ரெண்டு கையாலயும் மூஞ்சியைத் துடைப்பா. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கண்ணாடியில இருக்கற ஆளைப் பாத்து அதைச் சொல்லுவா.

— போதும். நிறுத்து.

— யார் குரல்னு எனக்கு முதல் நாளே தெரிஞ்சுடுச்சு. அதான் சொல்லலை.

— தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தானே கண்ணாடியைப் பாத்துப் புலம்பி அழறேன். தண்ணியையும் திறந்து விட்டுடறேன், யாருக்கும் கேக்காதுன்னு.

— நீங்க பாத்ரூமுக்குள்ள போனா, வர்ற வரைக்கும் அவ அந்தக் கதவுல தானே சாஞ்சு, இடுக்கு வழியா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா.

— ஐயோ, என் பிள்ளையே. அவளைத் தான் திட்டறேன்னு நெனைச்சிருப்பாளே.

— அப்படித் தெரியலை. சொல்லி முடிச்சதும் கண்ணாடியில தெரியற கன்னத்தைத் தடவிக் குடுக்கறா. மெதுவா, ரொம்ப நேரம். அழுது முடிச்சுட்டு நீங்க உங்களை அப்படித் தடவிக் குடுத்துப்பீங்க போலன்னு நெனைச்சேன்.

— இல்லம்மா. நான் ஒரு நாளும் அப்படிச் செஞ்சதே இல்ல.