வளையத்துக்கு ஒரு சாண் மேலே

யுன்ஷியா: ...அந்தக் கோட்டுல கை வைக்காதீங்க வாத்தியாரே. நாடாவைச் சுருட்டுங்க.

மாய்: அளக்காம எப்படிம்மா எழுதறது? இந்த ஆத்தங்கரைத் தெருவோட வரலாறாச்சே...

யுன்ஷியா: நாலு நாளா அளக்கறீங்க. எல்லாத் தூணையும் விட்டுட்டு என் கடைத் தூணையே அளக்கறீங்க.

மாய்: இதுதானே உதைக்குது! தொண்ணூத்தி நாலு வெள்ளம் தெரு முழுக்கப் படகு கட்டுற வளையத்தோட நின்னுடுச்சு. உங்க தூண்ல மட்டும் ஒரு சாண் மேலே.

யுன்ஷியா: என் வீட்டு முன்னாடி மட்டும் ஆறு எக்கிப் பார்த்திருக்கும்.

மாய்: விளையாடாதீங்க. வெள்ளக் கோடு இருக்கிற வீட்டை விட்டுட்டு, மத்ததை இடிச்சுத்தான் கரை கட்டப்போறாங்க. உங்க தூண்ல பழைய கோடு ஒண்ணுமே...

யுன்ஷியா: அப்பா சிமெண்ட் பூசி மூடிட்டார். இது ஒண்ணை மட்டும் நான் பூச விடலை.

மாய்: ...ஏன்?

யுன்ஷியா: தேநீர் ஆறுது, குடிங்க.

மாய்: யார் கீறினதுன்னு சாட்சி இருந்தா, உயரத்தைத் திருத்திப் புத்தகத்துல ஏத்திடலாம். வீடு தப்பிச்சிடும். இல்லேன்னா பொய்க் கோடுன்னு தள்ளிட்டு இடிச்சிடுவாங்க...

யுன்ஷியா: யாரு கீறுவா? தண்ணி நிக்கையில படகுக்காரன்தானே கீறணும். ஒருத்தன் வந்தான். மாடி வாசல்லேர்ந்து கூடையை இறக்கினா நூடுல்ஸ் வெச்சு அனுப்புவான். ஊர்ல வேற வீடே இல்லாத மாதிரி மூணு நாளும் இதே வளையத்துல கட்டிக்கிட்டு நின்னான்.

மாய்: பேரு?

யுன்ஷியா: கேட்டேன். தண்ணி வடிஞ்சதும் வந்து சொல்றேன்னான்.

மாய்: வந்திருப்பான். வாசல்ல உங்கப்பா உக்காந்து, படகுக்காரங்களைத் திட்டறதைக் கேட்டுத் திரும்பியிருப்பான்.

யுன்ஷியா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாய்: வரலாறு எழுதறவன்... ஒரு ஊகம்தான்.

யுன்ஷியா: ஓஹோ. ஒரு சாண் ஏன் தப்பாப் போச்சுன்னும் ஊகிங்களேன்.

மாய்: தண்ணியைப் பார்த்துக் கீறியிருக்க மாட்டான்.

யுன்ஷியா: பின்னே?

மாய்: ...மாடியைப் பார்த்திருப்பான்.

யுன்ஷியா: வீட்டுல சமைச்சுப் போட ஆள் உண்டா உங்களுக்கு?

மாய்: இல்லை. ஏன்... உங்களுக்கு?

யுன்ஷியா: நான் சமைக்கிறதை நானே தின்னுக்கறேன். சாட்சிக்கு வாங்க.

மாய்: சாட்சி கையெழுத்துப் போடணும்மா. ஊரோட வரலாறு எழுதறவன், தானே தப்பா கீறினேன்னு எழுதிக்குடுத்தா... வரலாத்துக் குழுவுல அத்தனை பேரும் சிரிப்பாங்க. படகுக்காரன் மகன்தானேம்பாங்க.

யுன்ஷியா: சிரிக்கட்டும். வீடு நிக்குமில்ல?

மாய்: ...நிக்கும். சரி, பேனாவைக் குடுங்க. ‘கீறியவர் மாய் ஜியேன். படகுக்காரர் மகன். ஒரு சாண் பிழை. காரணம்...’ காரணம்னு என்ன எழுதறது?

யுன்ஷியா: என் பேரை எழுது. கூடையில விட்டுட்டுப் போனியே உளி, அதோட பிடியில வெட்டியிருந்த உன் பேரை முப்பது வருஷமா படிச்சுக்கிட்டிருக்கேன். அளக்க வந்த முதல் நாள் நீ பேரைச் சொன்னப்பவே உலையில ரெண்டு பேருக்கு அரிசி போட்டுட்டேன். நாலு நாளா மிச்சமாகுது. தண்ணி எப்பவோ வடிஞ்சாச்சு, உள்ளே வா.