தானாக மூடிய ஃபைல்

பேட்டரியை யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை சார். வீட்டில் இரண்டு பேட்டரி காணாமல் போனால் அதைத் திருட்டு என்று சொல்பவர் உண்டா? என் மச்சான் எடுத்துப் போய் டிவி ரிமோட்டில் போட்டுக்கொள்வார். கேட்டால் சிரிப்பார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வேலையை விட்டபிறகு எங்களோடுதான் இருந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு. விரல் நகம் அளவு கேமரா மாட்யூலை ஒரு சின்ன போர்டில் பொருத்தி, வீடியோ பிடித்து மெமரி கார்டில் சேமிக்க முயன்றுகொண்டிருந்தேன். சொல்வதற்குச் சுலபம். கேமரா படங்களைக் கொட்டும் வேகத்துக்குக் கார்டு எழுதாது. எழுதினாலும் கடைசியில் ஃபைலை முறையாக மூட வேண்டும். நடுவில் வயர் கழன்றுவிட்டால், உள்ளே எத்தனை படம் இருந்தாலும் அது திறக்காது. என் வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான் பாழாய்ப் போயின. ஒருமுறை வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் போட்டுக் காட்டப் போய், அது பல்லை இளித்துவிட்டது.

"மாப்ளே, இது தானா ஓடாது. நீ பக்கத்துலயே நின்னு தட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்கு நீயே பார்த்துப் படமா வரைஞ்சுடலாம்" என்றார் மச்சான்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும்தான். எனக்கு வலித்தது, சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் கோபப்படவில்லை. குறை சொல்ல ஒரு ஆள் இருந்தால் வேலை சுத்தமாக வரும்.

புரோகிராமைப் புதிதாக எழுதினேன். எதிரில் ஏதாவது அசைந்தால் பதிவு தானாகத் தொடங்கும், சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அசைவு நின்று கொஞ்ச நேரமானால் தானாகவே ஃபைலை மூடிக்கொள்ளும். யாரும் பக்கத்தில் நின்று தட்ட வேண்டாம். படம் என் கைபேசியிலும் தெரியும். பேட்டரி டப்பா இருக்கும் சாமான் அறையில், துளை போட்ட ஓர் அட்டைப்பெட்டிக்குள் அதை வைத்தேன்.

அன்று மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மச்சான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எடுக்கப் போகிறவர் சாத்தாமலா போவார்? பதிவு தானாகத் தொடங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டூலில் ஏறினார், மேல்தட்டில் கையை விட்டார். கையும் களவுமாக, ஒரு படம்கூட விட்டுப்போகாமல். அப்போதுதான் ஸ்டூல் சாய்ந்தது. இரும்பு அலமாரியின் முனையில் அவர் தலை இடித்தது.

கூடவே அட்டைப்பெட்டியும் சரிந்து, கதவை ஒட்டி விழுந்தது. அப்படியும் பதிவு நிற்கவில்லை சார். இதை உங்கள் அறிக்கையில் குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். படம் சற்றுச் சாய்ந்திருந்தது, மற்றபடி அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கதவைத் தள்ளினால் பேட்டரி வயர் பிடுங்கிக்கொள்ளும், ஃபைல் மூடாது. ஆகவே அசைவு நிற்கும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தேன்.

மச்சானுக்குப் பொறுமை கிடையாது, குடும்பத்துக்கே தெரியும். சும்மா கிடப்பேனா என்றார். காலை இழுப்பார். ஃபைல் மூடப் போகும் நேரம் பார்த்து ஒரு விரலை அசைப்பார், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்த விரலைக்கூட அது தவறவிடவில்லை. அவ்வளவு நுணுக்கமாக அமைத்திருந்தேன். நடுவில் டீ போட்டுக் குடித்தேன்.

உங்கள் கம்ப்யூட்டர் ஆள் கண்டுபிடித்தது சரிதான். கைபேசியில் 'நிறுத்து' என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கியிருந்தால் ஃபைல் பத்திரமாக மூடியிருக்கும், நானும் கதவைத் திறந்திருக்கலாம். அந்தப் பட்டனை வைத்தவனே நான்தான். ஆனால் அமுக்கினால், நான் பக்கத்தில் நின்று தட்டியதாக ஆகாதா? அவர் சொன்னது மெய்யாகிவிடாதா?

கடைசியில் தானாகத்தான் மூடியது. கைபேசியில் ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவையாக, எந்தத் தடங்கலும் இல்லாமல் திறந்தது. இன்னொரு முறையும் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் மனைவிதான் புரிந்துகொள்ள மறுக்கிறாள். "அண்ணன் கூப்பிட்டிருப்பாரே, உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்று அதையே கேட்கிறாள். வீடியோவை முழுக்கப் பார்க்கச் சொன்னேன். அதில் ஒரு சத்தமும் கிடையாது, மாட்யூலில் மைக் இல்லை.

கூப்பிட்டார் சார். நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். முதலில் வலியில் கத்தினார். பிறகு, சிவப்பு விளக்கு கண்ணில் பட்டிருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது.

"மாப்ளே... ஓடுது மாப்ளே. தானாவே ஓடுது. நான் ஒத்துக்கறேன், கதவைத் திற."

அது பதிவாகாமல் போய்விட்டது. அந்த ஒன்றுதான் எனக்கு வருத்தம்.