ஒரு மணி வரை என் டேப்

உங்கள் டேப் ரெக்கார்டரில் டேப் உரசும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். அழுக்கோடு ஓடவிட்டால் நான் சொல்வதெல்லாம் மூக்கடைத்தவன் பேச்சாகத்தான் பதியும். துடைத்துவிட்டீர்களா? நல்லது. என் பெயர் லாசெல்ஸ் பின்னக். கிங்ஸ்டன் ஆரஞ்சுத் தெருவில் பத்தொன்பது வருடமாகப் பாட்டுப் பதிவு ஸ்டூடியோ நடத்துகிறேன்.

இப்போது பேசுவது என் குரல். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த கேசட்டைக் கொடுங்கள் என்றால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். போலீஸ் வாங்கிப் போட்ட கேசட். எங்கள் தொழிலும் இதேதான். டேப் எவனுடையதோ, அதில் விழுந்த பாட்டும் அவனுடையது. பாட வருகிறவர்கள் பாடுவார்கள், பேசிய கூலியை வாங்கிக்கொண்டு போவார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. ஐசில்டா ப்ராம்வெல்லுக்கும் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவளை நான்தான் கூட்டிவந்து மைக் முன்னால் நிறுத்தினேன். ஆறு பாட்டு பாடினாள். என் மெஷினில் ஒரே டேப்பில் தனித்தனியாகப் பதிய நாலு தடம். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றில், அவள் குரல் நாலாவதில். அடுத்த வாரமே மோன்டேகோ பே ஊரில் ஓட்டலில் வாசிக்கும் பாண்டுக் குழுவோடு போய்விட்டாள். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனவளின் பாட்டை ஊரைக் கேட்க வைக்க எனக்கென்ன தலையெழுத்தா? டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் பாட்டை மட்டும், நடனத்துக்குப் போட்டுப் பார்க்க ஒரு மெல்லிய இசைத்தட்டில் வெட்டியிருந்தேன். ஐம்பது தடவை ஊசி ஓடினால் தேய்ந்துபோகும் வகைத் தட்டு.

இந்த வருடம் மார்ச்சில் திரும்பி வந்தாள். கழுத்தில் கைக்குட்டை. தொண்டையில் கட்டி, ஆபரேஷன், குரல் போய்விட்டது. உப்புத்தாள் தேய்ப்பதுபோலப் பேசினாள்.

“பாஸ், நான் வியாபாரம் பேச வரல. எம் பொண்ணு ஜாய்க்கு ஏழு வயசாகுது. அவ பொறக்குறதுக்கு முன்னாலயே கொரலு போச்சு, நான் பாடி அவ கேட்டதே இல்ல. அம்மா பாடகிடின்னா, போம்மா புளுகாதேன்னு சிரிக்கிறா. அந்த டேப்பக் குடுத்துருங்க.”

“டேப் என்னுது, ஐசில்டா.”

“டேப் உங்களுது, சரி. அதுல இருக்குற தொண்டை யாருது? உங்களுக்குத்தான் ரெண்டு வரி முணுமுணுக்கக்கூட வராதே. பொட்டிக்குப் பூட்டுப் போடத்தானே தெரியும்?”

வாசலில் நின்ற என் டிரம்மர் வாய்விட்டுச் சிரித்தான். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னேன். தேங்காய்ப்பூ வைத்த பலகாரம் ஒரு பொட்டலம் எனக்காகக் கொண்டுவந்தாள். டேப்பைத் தருகிறேன், அதை உன் பேருக்கு மாற்ற வக்கீல் எழுதிய பத்திரமும் தயார், ஒரே ஒரு ஆசை, பழைய இசைக்கு மேல் இன்றைய குரலில் ஒருமுறை பாடிவிட்டுப் போ என்றேன்.

“ஐயோ, தவளை கத்துறாப்பல இருக்கும் பாஸ். அதுக்கு டேப்புல எடம் இருக்கா?”

“இருக்கு. போய் நில்லு.”

நாலு தடம், நாலும் நிரம்பியவை. நாலாவது அவளே பாடி நிரப்பியது. பாவம், மறந்துவிட்டாள். ஹெட்போனில் பழைய டிரம்ஸ் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாலாவது தடத்தின் பொத்தானை நான் அழுத்தினேன். அந்த இடத்தில் புதிது விழ விழ, பழையது அழியும்.

அரைப் பாட்டில் இருமல் வந்து நின்றுவிட்டாள். நான் டேப்பை நிறுத்தவில்லை. மைக் முன்னாலேயே உட்கார், இஞ்சி டீ குடி, ஜாயைப் பற்றிச் சொல் என்றேன். சொன்னாள். பல் விழுந்த கதை, பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்த கதை. இருபது நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஆறு பாட்டும் அந்தச் சிரிப்புக்கு அடியில் போய்விட்டன. பத்திரத்தில் நான் கையெழுத்திட்டது ஒரு மணிக்கு. கைக்கடிகாரம் பார்த்து நேரத்தையும் எழுதினேன். ஒரு மணி வரை அது என் டேப். என் பொருளில் நான் எதை வேண்டுமானாலும் பதிவேன். ஒரு மணிக்குப் பிறகு அது அவள் டேப், அதை நான் தொடவே இல்லை. எந்தச் சட்டத்தில் என்னை உள்ளே வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வேறொரு ஸ்டூடியோவில் ஓட்டிப் பார்த்தார்களாம். ஜாய்க்கு வெள்ளைக் கவுன், முன்வரிசை நாற்காலி. முதலில் டிரம்ஸ், பிறகு பேஸ், பிறகு அம்மாவின் கரகரப்பு, இருமல். “சொன்னேன்ல, புளுகுன்னு,” என்றதாம் குழந்தை. ஐசில்டா அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை என்கிறீர்கள். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆமாம், தெரிந்தே அழித்தேன். அவள் வாயாலேயே அழிக்க வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் மேஜை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த அந்த முதல் பாட்டுத் தட்டு வழக்குக்குச் சேராது. அது நான் வெட்டியது, எனக்குச் சொந்தம். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் போட்டுக் கேட்கிறேன். நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு, தேய்ந்துபோச்சு, வெறும் இரைச்சல்தான் என்றீர்களே, உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. இரண்டாவது வரி முடிந்ததும் அவள் மெல்ல மூச்சு வாங்குவாள். ஊசியை மறுபடி வையுங்கள், நான் காட்டுகிறேன்.