சக் சாவி

ஆமா சார், சக் சாவியேதான். லேத்து மெஷின்ல இருக்க வேண்டியது என் கழுத்துல ஏன் தொங்குதுன்னுதானே பாக்கறீங்க? உக்காருங்க, சொல்றேன். ஹெச்.ஓ.டி உள்ளதான் இருக்காரு, இப்ப யாரையும் பாக்க மாட்டாரு. என் கேஸைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்காரு. வச்சுக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு. ரெண்டு வருஷப் படிப்புல எனக்கு இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி. பாவம், அவருக்கும் இந்த மாதிரி கேஸ் புதுசு.

ஐயோ, ஸ்டாஃப் இல்ல சார். ஸ்டூடண்டு. மெக்கானிக்கல் டெக்னாலஜி, ரெண்டாம் வருஷம். சிரிச்சுக்குங்க, பரவால்ல. அட்மிஷன் அன்னிக்கு வாட்ச்மேனே, அம்மா அப்பாவெல்லாம் அந்தப் பக்கம்னு கையைக் காட்டுனாரு. நானும் போய் உக்காந்து, எவனோட அம்மாவோ குடுத்த டீயைக் குடிச்சு, ஹாஸ்டல்ல மூட்டைப்பூச்சி இருக்காமேன்னு கவலைப்பட்டு, முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் என் பேரைக் கூப்பிட்டாங்க. நாப்பத்தொரு வயசு சார். பசங்க மொதல்ல ஆன்ட்டின்னானுங்க. இன்னொரு வாட்டி அப்படிக் கூப்பிட்டா எவனுக்கும் டிராயிங் ஷீட்டைக் காட்ட மாட்டேன்னேன். அன்னிலேர்ந்து அக்கா.

வீட்டுலயா? ஒரு பொண்ணு, பத்தாவது. ஒரே மேஜை, ஒரே அல்ஜீப்ரா. அவ பாஸ், நான் ஃபெயில். மார்க் ஷீட்ல கையெழுத்து போடுடின்னு நீட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, நாளைக்கு உன் வாத்தியாரை நான் வந்து பாக்கணுமாங்கறா. வாய் அப்படியே என்னோடது.

சாவிக்கு வரேன், வரேன். நீங்க ஃபேக்டரிக்காரர், பசங்களை வேலைக்கு எடுக்க வந்திருக்கீங்க, உங்களுக்குப் போய்ச் சொல்றேன் பாருங்க. ஆனா ஒப்பிச்சே பழகிப் போச்சு. இரும்பைக் கவ்விப் பிடிக்கறது சக். அதை இறுக்கறது இந்தச் சாவி. இறுக்கின கையோட உருவிடணும். மறந்துட்டு மெஷினை ஓட விட்டா, கல்லெறிஞ்ச மாதிரி பறந்து வரும். அதனால எங்க ஒர்க்‌ஷாப் மாஸ்டர் ஒரு சட்டம் வச்சிருக்காரு. சாவியை உருவாமக் கையை எடுத்தவங்க, சாயங்காலம் மணி அடிக்கற வரைக்கும் கழுத்துல மாட்டிக்கணும். கேன்டீனுக்கும் அதோடதான், பாத்ரூமுக்கும் அதோடதான். மாஸ்டருக்கு நாங்க வச்ச பேரு மைக்ரான். ஒரு முடி கனத்துல பாதி தப்பிருந்தாலும் பீஸைக் குப்பைல வீசுவாரு. அளந்து காட்ட அவர் தலைல ஒரு முடி இல்ல, அது வேற விஷயம். ஆனா ஒண்ணு சார், போன வருஷம் அவரே ஒரு நாள் மறந்துட்டாரு. யாரும் சொல்லல. அவரா எடுத்து மாட்டிக்கிட்டு மணி அடிக்கற வரைக்கும் பாடம் நடத்தினாரு. அந்த மனுஷன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதான்.

நானா? நான் மறக்கல. அதான் இங்க பஞ்சாயத்தே. வேணும்னேதான் வச்சேன். வச்சுட்டு பச்சை பட்டனை அமுக்கினேன். ஒம்போது வாட்டி. அப்படிப் பாக்காதீங்க, பசங்க டீக்குப் போன நேரம், நானும் ஓரமாத்தான் நின்னேன். மைக்ரான் எங்கேர்ந்து பாத்தாரோ, ஓடி வந்து மெயினை அணைச்சாரு. இதை உருவி என் கழுத்துல மாட்டிட்டு, நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டாரு.

என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல. மெஷின் ஓடவே இல்ல. சக்குக்கு மேல ஒரு மூடி இருக்கில்ல, அது முழுசா இறங்கினாத்தான் மோட்டாருக்குக் கரண்டு போகும். சாவி நீட்டிக்கிட்டு நின்னா மூடி எங்க இறங்கறது? புஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா புஸ்தகம் சொல்லுச்சுன்னா யாரு நம்பறா? மெஷினையே கேட்டுட்டேன். இந்த மூடி வச்ச மெஷினைக் கடைசி செமஸ்டர்லதான் தொடவே விடுவாங்க, அதுக்குத்தான் இத்தனை நாள்.

எதுக்குன்னா... என் வீட்டுக்காரரும் லேத்துதான் சார். பதினாலு வருஷம். இப்ப வீட்டுல சமையல். ரசம் நல்லாவே வைப்பாரு, என்னுதைவிட. வலது கண்ணு போயிடுச்சு. தாடைல தகடு. சாவிதான். நாலு வருஷமா, நான்தான் மறந்துட்டேன், நான்தான் மறந்துட்டேன்னு அதே பாட்டு. அடுப்பை அணைச்சுட்டு நாலு வாட்டி போய்ப் பாப்பாரு. பொண்ணோட டிபன் பாக்ஸை மூடி, மறுபடி திறந்து, உள்ள சோறு இருக்கான்னு பாப்பாரு. தன் கையையே நம்ப மாட்டேங்கறாரு. அந்த மெஷின்ல மூடி இருந்துச்சான்னு கேட்டேன். மூடியா, நான் சேந்ததுலேர்ந்து அப்படி ஒண்ணைப் பாத்ததே இல்லையேங்கறாரு. வேலை வேகமா ஆகணும்னு அதைக் கழட்டிப் போட்டு, மூடி அமுக்கற சுவிட்சைக் கம்பியால கட்டிட்டாங்க. வேற எப்படி ஓடும்? மறந்தாரு, வாஸ்தவம். மறக்கற ஆளுக்காகத்தானே சார் மூடி?

விபத்து ரிப்போர்ட்டு காப்பி வச்சிருக்கேன். பணியாளரின் கவனக்குறைவே காரணம். மெஷினோட மாடல் நம்பரும் போட்டிருக்கு. அதே மாடல் மெஷின் இந்த ஊருல எங்க இருக்குன்னு தேடித்தான் இந்தக் காலேஜுல சேந்தேன். அடில உங்க கையெழுத்து. அழகான கையெழுத்து. இன்னிக்கு ஆள் எடுக்க யாரு வராங்கன்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருந்துச்சு, அதான் இன்னிக்கே பட்டனை அமுக்கிட்டேன்.

எழுந்திரிக்காதீங்க. காசு கேக்கல, கேஸும் போடல. வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். வந்து அவர் முன்னாடி அந்த மூடி சமாசாரத்தை மட்டும் சொல்லுங்க. நான் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் பேசுவான்னு சிரிச்சுட்டு அடுப்பைப் பாக்கப் போயிடறாரு.

இதோ, என்னைத்தான் கூப்பிடறாங்க. வச்சுக்கறாங்களோ, அனுப்பறாங்களோ. போய்ட்டு வரேன். அது வரைக்கும் இதை நீங்க வச்சுக்குங்க. கைல இல்ல சார். கொஞ்சம் குனிங்க. மணி அடிக்கற வரைக்கும்தான்.