பிடுங்காத முளைகள்

"முகாமிலை கூடாரத்துக்குள்ளை கிடந்தது போதாதெண்டு இப்ப காசு குடுத்து ஒண்டு வாங்கியிருக்கிறீர்."

ஞாயிறு பின்னேரம், கீரிமலையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்தவர் மனைவியிடம் இப்படிச் சொன்னார். காலடியில் பெரிய கூடாரப் பை. சரியாக மடிபடாத துணி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அது ஆரோ ஒராளின்ரை காணியிலை அடிச்சது. இது எங்கடை காணியிலை," என்றார் மனைவி.

"முப்பது வருசத்துக்குப் பிறகு ஆமிக்காரர் காணியை விட்டிருக்கினம். வீடு இருந்த இடத்திலை ஒரு கல்லுமில்லை. நீர் கூடாரம் அடிக்க, சனம் நிண்டு சிரிக்குது."

"சிரிக்கட்டும். எங்கடை குசினி இருந்த இடத்திலைதான் தேத்தண்ணி வைச்சனான். நீங்களும் ரண்டு தரம் வாங்கிக் குடிச்சனீங்கள்."

"இஞ்சாரும், வித்துப்போட்டு நல்லூர்ப் பக்கம் ஒரு வீடு பாப்பம்."

"விக்கேலாது."

"அப்ப இனி நான் வரமாட்டன். முளையளை அடிக்கவே மத்தியானமாப் போச்சு."

"வராதேங்கோ."

பஸ் குலுங்கியது. சரிந்த பையை அவர் தூக்கி நிமிர்த்தினார்.

"என்னப்பா, பாரம் குறைஞ்சு கிடக்கு? நிலத்திலை அடிச்ச முளையள் எங்கை?"

"பிடுங்கேல்லை."

"விட்டிட்டோ வந்தனீர்?"

"ஓம். பன்னிரண்டும் அங்கைதான் நிக்குது. வாற ஞாயிறு போய்த் துணியைக் கட்டுறதுதான் வேலை. அதுக்கு நான் ஒருத்தி போதும்."